தொட்டில் முறை

ஆடிட்டரின் கார் கேட்டுக்குள் நுழையப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எட்டுப் பிள்ளைகளையும் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

முன்னால் நடந்தவள் ஓவர்லாக் அக்கா. பதினாறு வருஷம் ஒரே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து துணியின் விளிம்பை அடித்தவளுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பின்னால் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டு வந்தார்கள். முதல் பெட்டி அவளுடைய தங்கச்சி மகள். ஐந்து வயது. தங்கச்சி கடல் தாண்டி ஒரு வீட்டில் அந்த வீட்டுக்காரர்களின் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையை இவள் வளர்த்தாள்.

"பெரியம்மா, இன்னைக்கும் கல்லு விளையாட்டா?"

"ஆமா. யாரு கடைசி வரைக்கும் அசையாம, பேசாம கல்லா இருக்கீங்களோ அவங்களுக்கு ரெண்டு பிஸ்கட்."

"போன தடவையும் ரெண்டுன்னு சொல்லிட்டு ஒண்ணுதான் குடுத்தே."

கிடங்கு வாசலில் தையல் லைனின் சூப்பர்வைசர் சாவியோடு நின்றான். லைனில் பட்டி தைக்கிற ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அத்தனை பெண்களுக்கும் அவன் மாப்பிள்ளை. அதட்டவும் முடியாது, அதட்டினால் யாரும் கேட்பதும் இல்லை.

"சீக்கிரம் உள்ள விடுக்கா."

"பூட்டத்தான் போறியா மாப்ளே?"

"பூட்டாம? அந்தாளு ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பாப்பாரு. பூட்டியிருந்தா சரக்கு இருக்குன்னு போயிடுவாரு."

"உள்ள உன் பொண்ணும்தான் இருக்கு."

"தெரியும்க்கா. சும்மா இரு."

கடைசியாகப் புதுசு உள்ளே போனாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. இன்று அவள்தான் தொட்டில். "ஒரு மணி நேரம்தானேக்கா?" என்றாள். "அவ்வளவுதான்" என்றாள் ஓவர்லாக் அக்கா. மாப்பிள்ளை பூட்டைப் போட்டான்.

தொட்டில் என்றால் உண்மையில் தொட்டில் ஒன்றும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே லைனில் தைக்கிற பாபின் தன் மகனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்தாள். மெஷினில் நூல் சுற்றிய பாபின் மாதிரியே குள்ளமாய், உருண்டையாய் இருப்பாள், பேச்சு நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். பையனுக்கு அப்போது இரண்டரை வயது. பசித்திருக்கிறது, ஸ்டவ்வைத் திருகியிருக்கிறான். அக்கம்பக்கத்தார் பூட்டை உடைத்து எடுத்தார்கள். இடது காதிலிருந்து தோள் வரைக்கும் அவன் தோல் இன்றும் கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி இருக்கும். பாபின் ஒரு மாசம் வாய் திறக்கவில்லை. திறந்த அன்று, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து லைனில் நின்றாள். "போகச் சொன்னா போயிடுறேன். வீட்டுல வெச்சுப் பூட்ட மாட்டேன்."

லைனுக்குப் பின்னால் பழைய பட்டன் ரூம் காலியாகக் கிடந்தது. பெண்கள் பேசி ஒரு முறை வைத்தார்கள். தினம் ஒருத்தி மெஷினை விட்டு எழுந்து பிள்ளைகளோடு இருப்பாள், அன்று அவள் பேர் தொட்டில். அவள் தைக்க வேண்டியதை மற்றவர்கள் தலைக்கு நாலு உருப்படி கூடுதலாகத் தைத்து, அவள் நம்பர்ச் சீட்டைச் செருகியே கட்டுப் போடுவார்கள். பிள்ளை பெற்றவள், பெறாதவள், கல்யாணமே வேண்டாம் என்றவள், எல்லோருக்கும் முறை உண்டு. முதல் வேலையாக அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார்கள். பாபின் போட்ட ஒரே நிபந்தனை அது.

இன்னொன்றும் செய்தார்கள். தீ மணி அடித்தால், அறைக்குப் பக்கத்து மெஷின்களில் இருக்கிற எட்டுப் பேர் எழுந்து அறைக்கு ஓட வேண்டும். எந்தப் பிள்ளை முதலில் கைக்கு வருகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். தன் பிள்ளையைத் தேடக் கூடாது. தேடினால் வாசல் அடைபடும். மாசத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டு நேரத்தில் பழகினார்கள். முதல் தடவை பாபின் தன் மகனைத் தேடி வாசலை அடைத்துக்கொண்டு நின்று எல்லோரிடமும் திட்டு வாங்கினாள். ஆறாவது தடவை யாரும் தேடவில்லை. நாற்பது விநாடியில் எட்டும் வெளியே.

மேனேஜருக்கு எல்லாம் தெரியும். இந்த அறை வந்த பிறகு லைனில் லீவு பாதியாகக் குறைந்திருந்தது. அதனால் தெரியாத மாதிரி இருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி சோதனைக்கு ஆள் அனுப்புகிற ஆடிட் நாட்களில் மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் லைனில் வந்து நின்று சொன்னார்: "பிள்ளைங்க கண்ணுல பட்டா போதும். வேலை செய்யுதா, விளையாடுதான்னு கேக்க மாட்டாங்க. மனித உரிமை மீறல்னு எழுதி ஆர்டரை நிறுத்திடுவாங்க. அப்புறம் பிள்ளைங்களோட நீங்களும் வீட்டுலயே இருக்கலாம்."

பட்டன் ரூம் இன்றைக்கு 'தொழிலாளர் ஓய்வறை' ஆகியிருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம். சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார்கள். அதன் மேல் சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய போஸ்டரை ஒட்டினார்கள். 'உங்கள் உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள்.' தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட போஸ்டர். அதில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒரு பெண் சிரித்தாள். தலைக்கவசம் போட்ட டெய்லரை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஆடிட்டர் சின்ன வயசுக்காரர். தமிழ்தான் பேசினார். கையில் டேப்லெட், காலில் அழுக்குப் படாத ஷூ. எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை, அதுதான் வினை. வருகைப் பதிவேட்டையே முக்கால் மணி நேரம் புரட்டினார். ஆபீசுக்குப் பக்கத்தில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை மாட்டிய அறையை மேனேஜர் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் கவர் பிரிக்காத தொட்டில், கவர் பிரிக்காத பொம்மைகள். சான்றிதழ் வாங்கிய ஆயா ஒருத்தி ஒரு மாசம் வந்துவிட்டு நின்றவள்தான், அப்புறம் யாரும் வரவில்லை. "இப்ப பிள்ளைங்க யாரும் இல்ல சார். யாரும் கேக்கல" என்றார் மேனேஜர். ஆடிட்டர் டேப்லெட்டில் ஒரு டிக் போட்டார்.

ஓவர்லாக் அக்கா மெஷினில் உருப்படியை எண்ணி நேரத்தைக் கணக்குப் போட்டாள். முப்பது உருப்படி, ஒரு மணி நேரம். அறுபதாவது உருப்படியில் பாபின் குனிந்து நூல் எடுக்கிற சாக்கில் கேட்டாள்.

"கிடங்குல காத்தே வராதுக்கா."

"புதுசு இருக்கால்ல."

"தண்ணி குடுத்து விட்டியா?"

"விட்டேன். தலையத் தூக்காத. பாக்கறாரு."

"அவரு போவாரா இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறாரா, கேட்டுச் சொல்லு."

எழுபத்து மூன்றாவது உருப்படியில் தீ மணி அடித்தது.

யாருக்கும் சொல்லாமல் ஆடிட்டர் அடிக்கச் சொன்ன மணி. மூன்று நிமிஷத்துக்குள் அத்தனை பேரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் முற்றத்தில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப்லெட்டில் நேரம் ஓட விட்டிருந்தார். லைன் லைனாகப் பெண்கள் வெளியே வந்தார்கள்.

எட்டுப் பேர் மட்டும் வரவில்லை.

எட்டுப் பேரும் பின்பக்கம் ஓடினார்கள். ஓவர்லாக் அக்காவும் ஓடினாள். பிள்ளைகளைத் தன் கையாலேயே கிடங்கில் விட்டு, பூட்டியதையும் பார்த்தவள், மூன்று வருஷம் பழகிய காலோடு பட்டன் ரூமுக்கு ஓடினாள். கதவைத் தள்ளி எட்டுப் பேரும் மொத்தமாக உள்ளே விழுந்தார்கள். யாருடைய கையோ சுவரைப் பிடிக்கப் போய் போஸ்டர் பிய்ந்து வந்தது. இரண்டு நாற்காலி. குடம். வேறொன்றும் இல்லை.

"எங்க? எங்கடி பிள்ளைங்க?" பாபின் கத்தினாள். காலையில் அவளும் பார்த்தவள்தான். மணி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தச் சில விநாடிகள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. வெறும் கையோடு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"கிடங்கு" என்றாள் ஓவர்லாக் அக்கா. "பூட்டியிருக்கு."

முற்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எட்டுப் பேரும் வெறும் கையோடு ஓடி வருவதைப் பார்த்த மாப்பிள்ளையின் கையிலிருந்து ஆள் எண்ணும் காகிதம் நழுவியது. யாரும் சொல்வதற்கு முன்னால் ஓட ஆரம்பித்தான். பூட்டில் சாவி நுழையவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினான். உள்ளே தொம் தொம் என்று கதவு இடிபட்டது.

"குடுடா இங்க!" ஓவர்லாக் அக்கா சாவியைப் பிடுங்கித் திறந்தாள்.

வெக்கை முகத்தில் அறைந்தது. வாசலிலேயே புதுசு நின்றாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். நிஜத் தீயா, பொய்த் தீயா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குப் பின்னால், துணி உருளைகளின் மேல் எட்டுப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு சத்தத்திலும் ஒன்றும் அசையவில்லை. பாபினின் மகன் உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் துணி நனைந்திருந்தது.

"நாங்க அசையவே இல்ல பெரியம்மா" என்றாள் தங்கச்சி மகள், உதட்டை மட்டும் அசைத்து.

எட்டுப் பேரும் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். பாபின் மாப்பிள்ளையின் மகளைத் தூக்கினாள். ஓவர்லாக் அக்கா பாபினின் மகனைத் தூக்கினாள், அவன் ஈரம் அவள் இடுப்பில் இறங்கியது. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மணி நின்றது.

"நாலு நிமிஷம் பன்னெண்டு விநாடி" என்றார் ஆடிட்டர், பழக்கத்தில். பிறகுதான் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

அரை மணி நேரம் கழித்து மேனேஜர் அறையில், மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டு, ஓவர்லாக் அக்காவை எதிரே உட்கார வைத்தார். அவள் தொழிலாளர் கமிட்டியின் பிரதிநிதி. யாரும் ஓட்டுப் போடவில்லை, மேனேஜர் கையைக் காட்டினார், அவ்வளவுதான்.

"பயப்படாதீங்கக்கா. நீங்க சொல்றது வெளிய போகாது. பிள்ளைங்கள வேலைக்கு வெச்சிருக்காங்களா?"

"இல்ல."

"நிர்வாகம் பூட்டி வெச்சுச்சா? கட்டாயப்படுத்தினாங்களா? தைரியமா சொல்லுங்க. அப்படின்னா உங்களைப் பாதிக்கப்பட்டவங்கன்னு என்னால எழுத முடியும். அது உங்களுக்கு நல்லது."

"பூட்டினது நாங்கதான். நீங்க வர்றீங்கன்னு பூட்டினோம். மத்த நாள்ல எங்க ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கழட்டித் தூரப் போட்டாச்சு. மூணு வருஷத்துல ஒரு பிள்ளை விழுந்து முட்டியச் சிராய்ச்சதில்ல. இன்னைக்குத்தான் அதுங்க சாகப் பாத்துச்சு."

அவர் பேனா மாதிரி ஒன்றால் டேப்லெட்டைத் தொட்டார், எழுதாமல் எடுத்தார். "அந்த ரூம்ல ரெண்டாவது வாசல் இல்ல. பயிற்சி வாங்கின ஆள் இல்ல. விதிப்படி..."

"உங்க விதிப்படி இருக்கிற ரூமையும் பாத்தீங்க. கவர் பிரிக்காத பொம்மை. அதுக்கு டிக் போட்டீங்க."

அவர் முகம் சிவந்தது. "நான் உங்களுக்கு எதிரா பேசலக்கா. பிள்ளைங்களோட உரிமைன்னு ஒண்ணு இருக்கு. அது எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான்."

"இருக்கட்டும். நானா வேண்டாங்கறேன்? உங்களுக்குப் பிள்ளை உண்டா தம்பி?"

"ஒரு பையன்."

"இப்ப எங்க இருக்கான்?"

"காப்பகத்துல. ஒரு அம்மா பாத்துக்கறாங்க."

"அந்தம்மாவுக்குப் பிள்ளை இருந்தா அது எங்க இருக்கும்?"

அவர் டேப்லெட்டின் விளிம்பைத் தேய்த்தார்.

"தெரியாதுல்ல. என் தங்கச்சி அப்படித்தான் ஒரு வீட்டுல பாத்துக்கறா. ஒருவேளை இந்தச் சட்டையப் போடுற வீடாவே இருக்கும். அவ பிள்ளை எங்க இருக்கும்னு அந்த வீட்டுலயும் யாரும் கேட்டதில்ல. இதோ இங்க இருக்கு, துணி மூட்டை மேல. இத எழுத உங்க பெட்டியில இடம் இருக்கா?"

ஆடிட்டர் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'வளாகத்தில் குழந்தைகள் உள்ளனரா? ஆம். இல்லை.' ஆம் என்று தொட்டால் திரை சிவப்பாகிறது. அவ்வளவுதான். சிவப்பானதும் இருபத்து நாலு மணி நேரத்தில் கடல் தாண்டித் தகவல் போகும். தப்பிக்க ஒரே வழி, குற்றத்தை இன்றே களைந்துவிட்டதாக நிர்வாகம் எழுதித் தர வேண்டும், அதைத் தொழிலாளர் பிரதிநிதி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

மேனேஜர் அதை அதற்குள் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார். இனி எந்தத் தொழிலாளியும் குழந்தையை வளாகத்துக்குள் அழைத்து வரக் கூடாது, மீறினால் வேலை நீக்கம். கீழே 'தொழிலாளர் பிரதிநிதியின் கருத்து' என்று மூன்று வரி அளவுக்கு ஒரு கட்டம். அதிலும் அவரே அடித்து வைத்திருந்தார்: 'கருத்து ஏதும் இல்லை.' இதற்கு முன்னால் ஏழு ஆடிட்டில் ஏழு தடவை அந்த வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். படித்துப் பார்த்ததுகூட இல்லை.

"போடும்மா" என்றார் மேனேஜர். "போட்டுட்டு மெஷினுக்குப் போ."

அவள் பேனாவை எடுத்தாள். இதில் கையெழுத்து விழுந்தால் நாளைக்குக் காலையில் எட்டு வீட்டில் வெளியே பூட்டு விழும். விழாவிட்டால் ஆர்டர் போகலாம், முந்நூறு பேர் அவளைத்தான் கேட்பார்கள். தங்கச்சி மகளை வீட்டில் எந்த அறையில் வைத்துப் பூட்டுவது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். ஸ்டவ்வை எங்கே ஒளித்து வைப்பது என்பது வரைக்கும் யோசித்தாள்.

பிறகு 'கருத்து ஏதும் இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு கிழித்தாள்.

கட்டம் போதவில்லை. ஓரத்தில் எழுதினாள், காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். எட்டாம் வகுப்போடு விட்ட கையெழுத்து. மேனேஜர் இரண்டு தடவை கனைத்தார். மூன்றாவது தடவை, "முந்நூறு பேர் சோத்துல மண்ண அள்ளிப் போடுற" என்றார்.

"சோறு வேணும்னா மெஷின் ஓடணும் சார். மெஷின் ஓடணும்னா பிள்ளைங்க எங்கயாவது இருக்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

எழுதியது இவ்வளவுதான். பிள்ளைகளை நாங்கள் வைத்திருக்கிறோம். யாரும் வைக்கச் சொல்லவில்லை. முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மணி அடித்தால் எட்டுப் பேர் எட்டுப் பிள்ளையைத் தூக்குவோம், நாற்பது விநாடி ஆகும். நீங்கள் வரும் நாளில் மட்டும் பூட்டுகிறோம். அதனால் இன்று நாலு நிமிஷம் ஆகிவிட்டது. அறைக்கு இன்னொரு வாசல் வேண்டும் என்பது சரி, வைத்துக் கொடுங்கள். அறையை எடுக்காதீர்கள். எடுக்க வேண்டுமென்றால், பிள்ளைகளை எங்கே விட வேண்டும் என்று எங்கள் பெயர் போட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

ஆடிட்டர் இரண்டு பக்கத்தையும் படித்தார். வெகுநேரம் படித்தார். "இத மொழிபெயர்க்கணும்" என்றார் கடைசியில். "பிரதிநிதி ஆட்சேபம் எழுதியிருந்தா தலைமை ஆபீஸ் பதில் சொல்லாம அறிக்கைய மூட முடியாது. பதினாலு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் இந்தத் தடையை நான் போட்டுடறேன்" என்றார் மேனேஜர்.

"போட முடியாது சார். விசாரணை முடியிற வரைக்கும் இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும். அந்த ரூமையும் மாத்தக் கூடாது." டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது எங்க விதி."

'ஆம்' என்பதையும் தொட்டுத் திரையைச் சிவப்பாக்கினார். அதை அவள் பார்த்தாள். ஒளித்துச் செய்யவில்லை.

லைனில் விஷயம் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பட்டன் ஓட்டை போடுகிற காஜாக்காரி எழுந்து நின்றே கேட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, மூன்று வருஷமாகத் தன் முறையைத் தவறவிட்டதும் இல்லை.

"உனக்கு எழுதத் தெரியும்னு யாருடி கேட்டா? ஆர்டர் போச்சுன்னா உன் எழுத்த வெச்சு நக்கறதா?"

"நக்கறதுக்குக் கையெழுத்து மட்டும் போட்டிருந்தா இனிச்சிருக்குமா?"

"எங்கள ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

ஓவர்லாக் அக்கா யாரையும் கேட்கவில்லைதான். ஏழு தடவை கேட்காமல் போட்டபோது யாரும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

பாபின்தான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அந்தப் பேப்பர் இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கு."

"கையெழுத்துப் போட இடம் இருக்கா அதுல?"

"ஓரத்துல இருக்கும்."

பாபின் ஆபீஸ் பக்கம் நடந்தாள். பின்னாலேயே புதுசு, விரலில் சுற்றிய கந்தலோடு. மாப்பிள்ளையின் பெண்டாட்டி பாதி வழி வரைக்கும் போய், நின்று, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் போனாள். மற்றவர்கள் போகவில்லை. காஜாக்காரி மெஷினை ஓட விட்டாள், தேவைக்கு மேல் சத்தமாக.

பிள்ளைகள் மறுபடி பட்டன் ரூமில் இருந்தார்கள். பென்சில் கோடுகள் வெளியே தெரிந்தன. குடம் உருண்டு தரை ஈரமாய்க் கிடந்ததால் யாரோ பிய்ந்த போஸ்டரை விரித்து அதன் மேல் பாபினின் மகனை உட்கார வைத்திருந்தார்கள். அவன் வேறொருத்தியின் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு இரண்டாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

ஓவர்லாக் அக்கா மெஷினில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் புதுசின் பங்கில் நாலு உருப்படி காத்திருந்தது. முதல் துண்டை ஊசிக்குக் கீழே கொடுத்தபோது முதுகுக்குப் பின்னால் ஷூ சத்தம் வந்து நின்றது. ஆடிட்டர் கிளம்புவதற்கு முன்னால் கடைசிச் சுற்று வருகிறார். அந்த நாலு உருப்படிக் கட்டுக்குள் செருகியிருந்த சீட்டைப் பார்த்திருப்பார், நம்பர் அவளுடையது இல்லை, புதுசுடையது. அவர்கள் கணக்கில் அதுவும் குற்றம்தான், பொய்ப் பதிவு.

"இது யாரோட பீஸ்க்கா?"

பொய் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"தொட்டிலோடது" என்றாள்.